சாஜிதா முறுக்கிய குழாய்

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு ஷஹீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே உங்கள் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை.

போனில் சொல்லலாமே என்பீர்கள். மூன்று தடவை சொல்ல வந்தேன். மூன்று தடவையும் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு சித்தீக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பாத்ரூம் சுவரை நேற்று உடைத்தாயிற்று. உடைக்காதே, அடுத்த லீவில் வந்து பார்க்கிறேன், இருபது வருஷம் பைப் ஃபிட்டராக இருக்கிறவன் வீட்டில் வேறொருத்தன் கை வைப்பதா என்றீர்கள். உங்கள் லீவுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் நம் மகள் சாஜிதா படுக்கிற அறைச் சுவரெல்லாம் ஈரம் ஏறி, காரை பெயர்ந்து அவள் பிளஸ் டூ புத்தகங்கள்மேல் விழுகிறது. பிளம்பர் குருநாதன் அண்ணாச்சியை நான்தான் கூப்பிட்டேன். கோபிப்பதென்றால் என்னைக் கோபியுங்கள்.

போன லீவில் நீங்கள் மாட்டிய குழாயைக் கழற்றி, சுவருக்குள் வளைவில் இருந்த பிளாஸ்டிக் எல்போவை வெளியே எடுத்தார். நெடுக்கே விரிசல். நீங்கள் சொன்னபடி வாளியைத் தொங்கவிட்டால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். பாரம் தொங்கினால் குறுக்கேதான் ஒடியும், இது உள்ளேயிருந்து நெருக்கி வெடித்தது என்றார். மரையில் டேப்பை மெத்தை மாதிரி சுற்றியிருக்கிறது. குழாயின் கழுத்தில் ரெஞ்சின் பல் பதிந்திருக்கிறது.

"இரும்புல முறுக்குத மாதிரி பிளாஸ்டிக்குல முறுக்கிட்டாவ அக்கா. கையால இறுக்கிட்டு ஸ்பானர்ல ஒண்ணரைச் சுத்து போதும்" என்றார். அந்த ரெஞ்ச் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் சாஜிதா பக்கத்தில்தான் நின்றாள்.

ஈரம் தெரிந்த அன்று, பிள்ளை குழாயில் வாளியைத் தொங்கவிட்டிருப்பாள் என்று நீங்களே முடிவுகட்டிப் போனில் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "அவ கை வச்ச எதாவது உருப்பட்டிருக்கா?" உங்களோடு ரூமில் தங்கியிருக்கிற ஐந்து பேரும் சிரித்தது இங்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. அன்றிலிருந்து நாற்பது நாள் அவள் அந்தக் குழாயைத் தொடவில்லை. பின்வாசல் தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து குளித்தாள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் படிக்கிறாள் என்று நான் சொன்னது பொய். வாப்பாவிடம் பேசமாட்டேன் என்று அறைக்குள் போய்விடுவாள். உங்கள் பேச்சை நம்பி நானும் அவளை ஏசினேன். நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

புது எல்போ பித்தளை மரை வைத்தது. அதில் குழாயை மாட்டும்போது ஸ்பானரை அவளே கேட்டு வாங்கினாள். கையால் இறுக்கினாள், ஒன்றரைச் சுற்று சுற்றினாள், நிறுத்திக்கொண்டாள். ஒரு சொட்டு கசியவில்லை.

பொட்டலத்தில் இருப்பது அந்த வெடித்த எல்போ. அந்த ஐந்து பேர் முன்னாலேயே பிரியுங்கள். அப்புறம் என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்குப் போடுங்கள். எடுக்கமாட்டாள். எடுக்கும்வரை போடுங்கள்.

இன்று சுபுஹுத் தொழுகைக்கு அவள் முறுக்கிய குழாயில்தான் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்தேன். உங்கள்மேல் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆனாலும் முதல் துஆ உங்களுக்குத்தான் கேட்டேன். உழைக்கிற உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. பெற்ற பிள்ளையிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல அல்லாஹ் உங்கள் நாக்கை இளக்கித் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஷஹீரா