பத்து மணிச் சூடு

லண்டன், 14.2.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

குளிரைத் தவிர எனக்கொரு குறையுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

செயற்கைக்கோள் எடுத்த ஈப்போ படத்தில், ரப்பர் மரங்களை வெட்டிக் கட்டிய நம் குடியிருப்பு சூட்டில் சிவந்து கிடக்கிறது. காலைப் பத்து மணிப் படம். “அந்நேரம் வீட்டில் யார் இருப்பார்கள்? கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடு” என்றார் எங்கள் ஆய்வுக்கூடத்துத் துரை. “என் அம்மா இருப்பார்கள்!” என்று கத்திவிட்டேன். பயப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. “கூரை கொதிக்குது, உள்ள இருக்க முடியலலா” என்று தங்கச்சியிடம் சொல்லி எழுதினீர்களே, நீங்கள் ஆளில்லையா?

வெப்பமானி அனுப்பியிருக்கிறேன். முன்னறையில் மாட்டி, தினமும் பத்து மணிக்கு அது காட்டும் எண்ணை ஒரு தாளில் குறியுங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது, கணக்கெழுதும் கிராணியையே திருத்தியவர் நீங்கள்.

கொஞ்சம் நெத்திலி அனுப்புங்கள். இங்கே எந்தச் சாப்பாடும் மணப்பதில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எண்கள் குறித்த தாளில் மறக்காமல் கைநாட்டு வைத்து அனுப்புங்கள். துரையின் மேசையில் அதைத்தான் வைப்பேன்.

உங்கள் மகன்,
சீனி