குப்பையை வாங்கிக்கொண்ட அக்கா

அக்கா,

இன்று காலை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் வந்து நம் ஏரிக்கரையில் இறங்கினேன். ரோட்டோரம் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே உங்கள் ஞாபகம்தான். அன்றைக்கு நாம் முட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இந்த இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டல்லவா தாண்ட வேண்டியிருக்கும்!

ஏரிக்கு இந்தப் பக்கத்துப் பேரூராட்சிக்கு நான் தலைவி, அந்தப் பக்கத்துக்கு அப்போது நீங்கள். எங்கே வீடு, எங்கே விவசாயம், எங்கே குப்பைக்கிடங்கு என்று இரண்டு ஊரும் தனித்தனியாகத் திட்டம் போட்டோம். குப்பையை யார்தான் நடு ஊரில் வைப்பார்கள்? நாங்கள் எங்கள் கடைக்கோடியில் குறித்தோம், நீங்கள் உங்கள் கடைக்கோடியில். அவரவர் வரைபடம் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடும்; அதற்கப்பால் வெறும் வெள்ளைத்தாள். ஏரியை இரண்டு பக்கமும் குப்பை நெருக்கப்போவது யார் கண்ணிலும் படவில்லை.

விஷயம் காதில் விழுந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே என் ஆபீஸுக்கே வந்துவிட்டீர்கள்.

"ஏன் தங்கச்சி, ஏரிக்கரையில கொண்டாந்து குப்பையக் கொட்டப் போறீங்களாமே?"

"நீங்க மட்டும் அந்தாண்ட பூந்தோட்டமா வெக்கப் போறீங்க?" என்றேன். எனக்கும் வாய் சும்மா இருக்காதே.

முறைத்தீர்கள். பிறகு சிரித்தீர்களே ஒரு சிரிப்பு, எங்கள் கிளார்க் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு வரைபடத்தையும் என் மேஜையில் ஒட்டவைத்துப் பார்த்தோம். ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் மேலேயே நாங்கள் வீட்டுமனைக்கு இடம் ஒதுக்கியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"ஏரிக்கு எட்டாத பாறைப் புறம்போக்கு எங்க ஊர்ல கெடக்கு. ரெண்டு ஊரு குப்பையையும் நான் வாங்கிக்கறேன். தண்ணி வர்ற வழிய நீ விட்டுக்குடு" என்றீர்கள்.

மனை கேட்டவர்களின் வசவோடு எனக்குப் போயிற்று. அடுத்த தேர்தலில் மறுபடியும் ஜெயித்தேன். உங்களைத்தான், "அடுத்த ஊரு குப்பையச் சுமக்கறவ" என்று தெருத்தெருவாகச் சொல்லித் தோற்கடித்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த நான் உங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள்.

"தோத்தா என்ன புள்ள, ஏரி ரொம்பிடுச்சுல்ல."

அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்தேதான் வருகிறது. ஆனால் ஒன்று, எல்லையோரம் எதைச் செய்வதானாலும் அந்தப் பக்கம் போய்க் கேட்டுவிடுகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இனி விடாது.

நேற்று, உங்களைத் தோற்கடித்தாரே, அந்தத் தலைவியே போன் செய்தார்.

"சந்தைக்கு எடம் பாக்கறோம்ங்க. வரையறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி வந்து பாத்துடுங்க."

"அப்ப குப்பைக்கிடங்க மாத்தப் போறீங்களா?" என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஐயோ, அது அக்கா வெச்சதுங்க. அதுல யாரும் கை வெக்க மாட்டோம்."