கந்தசாமியின் கைப்பேசி

ஐப்பசி 11, செவ்வாய்

ஞாயிறன்று கந்தசாமி இறந்துவிட்டார். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இறந்தால் "இன்னொரு விக்கெட்" என்று எழுதுவோம். தொடங்கி வைத்ததே அவர்தான். கெங்கவல்லியில் மகள் வீட்டிலிருந்து நானும் அப்படியே எழுதினேன். அவருடைய எண்ணும் அதே குழுவில் இருப்பது நினைவுக்கு வரவில்லை.

இன்று காலை அஸ்தம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சரஸ்வதி, கந்தசாமியின் கைப்பேசியை நீட்டினார்.

"ஏனுங்க சார், இதை எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. தப்புதானுங்க."

"அவரும் சிரிச்சுட்டேதான் எழுதுவாரு. ஊட்டுல இருக்கறவங்க படிப்பாங்கன்னு உங்கள்ல ஒருத்தருக்கும் தோணலீங்களா?"

வகுப்பாக இருந்தால் ஏதாவது உதாரணம் சொல்லிச் சமாளித்திருப்பேன். மைதானத்தில் மூன்று குச்சியும் விழுந்தால் கந்தசாமியே குனிந்து நட்டுவைப்பார். அடுத்த பையன் மட்டையோடு வருவான். இங்கே அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம காரியமுங்க. அவரு சேக்காளிங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த அழைப்பையும் என் மன்னிப்பையும் இப்போதுதான் குழுவில் எழுதி அனுப்பினேன். யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். இதுவரை ஒரே ஒரு பெயர். கந்தசாமி.