ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

செப்டம்பர் 4, திங்கள்

எங்கள் தீவுக் கிளினிக் தராசில் பாட்டு வாத்தியார் மாஃபிக்கு எடை மறுபடி ஏறிவிட்டது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. பலவீனமான இதயம், தேங்கும் நீரை வெளியேற்றத்தான் நீர் மாத்திரை.

"தினமும் போடுறீங்களா?"

"போடுறேன் பொண்ணே, போடுறேன்."

வெள்ளிக்கிழமை நன்றாக இருந்த மனிதர்! அடுத்த திங்களும் இப்படியே இருந்தால் கப்பலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்படி டாக்டர் சிசிலியா போனில் சொல்லிவிட்டார். போனால் உடனே திரும்ப முடியாது. அக்டோபர் முதல் தேதி புதுக் கோயில் திறப்பு. அதற்கென்றே பாட்டு எழுதியவர் அவர். வேறு யார் அதை நடத்துவது?

செப்டம்பர் 5, செவ்வாய்

கோயில் பாடகர் குழு ஒத்திகை. "சியாலே, ஊசி மட்டும் சரியான எடத்துல இறங்குது. குரல் ஏன் எடம் தவறுது?" என்றார் வாத்தியார். எல்லோருக்கும் சிரிப்பு. பகலில் நர்சாக நான் அவரைத் திட்டுகிறேன், மாலையில் அவர் என்னை. ஆனால் பாதியில் உட்கார்ந்து, பெஞ்சில் தட்டித்தான் தாளம் போட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

வீக்கம் வடிந்திருக்கிறது. அப்படியென்றால் மாத்திரை வேலை செய்கிறதே! திங்களன்று மட்டும் என்ன கேடு?

செப்டம்பர் 10, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! மானம் போனாலும் பரவாயில்லை.

காலையில் வயிறு முட்ட இளநீர் குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பிரசங்கத்தின் நடுவே தாங்க முடியவில்லை. எழுந்து ஓடினால் — இடுப்பில், கோயிலுக்குப் போகும்போது எல்லோரும் சுற்றிக்கொள்ளும் மரியாதைப் பாய், அதன்மேல் கயிறு, அதில் அத்தை போட்ட முடிச்சு. அவிழ்ப்பதற்குள் உயிர் போய் வந்தது. மறுபடி கட்டத் தெரியாமல் கோணல்மாணலாகத் திரும்பினேன். ஊரே பார்த்தது. முன்வரிசையில் வாத்தியார், என் பாயைவிட இரண்டு மடங்கு பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நீர் மாத்திரை போட்டவரால் இப்படி உட்கார முடியுமா?

வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

கடலைப் பார்த்தார். "ஆண்டவர் முன்னாடி பாயை அவுத்துப் போட்டுட்டு ஓடச் சொல்றியா?"

"எந்த ஞாயித்துக்கிழமையும் போடுறதில்லையா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி லோசே அக்கா பொரிந்து தள்ளினார். "அடப்பாவி மனுஷா, என்கிட்டயுமா பொய்?" மாத்திரையும் இல்லை, அதற்குமேல் ஞாயிறு விருந்தில் உப்புக்கறி வேறு. வீங்காமல் என்ன செய்யும்!

செப்டம்பர் 11, திங்கள்

எடை ஏறித்தான் இருந்தது. காரணத்தைச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன். "நல்லவேளை சொன்னே. மாத்திரையைக் கூட்டலாம்னு இருந்தேன்," என்றார். ஒரு வாரம் தந்திருக்கிறார். மூச்சு வாங்கினால் அன்றைக்கே கப்பல். ஞாயிறு மட்டும் காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பாயைக் கழற்றிவிட்டு மாத்திரை. மாலை ஆராதனைக்குள் எல்லாம் அடங்கிவிடும். உப்புக்கறிக்குப் பதில் தேங்காய்ப்பாலில் மீன்.

"அதுக்குக் கப்பலே தேவலை," என்றார் வாத்தியார்.

"வாயை மூடுங்க," என்றார் லோசே அக்கா.

செப்டம்பர் 18, திங்கள்

ஏறவில்லை! தராசைக் கட்டிக்கொண்டு ஆடினேன். ரத்தப் பரிசோதனையும் சரி. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறதாம். கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னேன்.

செப்டம்பர் 25, திங்கள்

பழைய செருப்பு காலில் நுழைகிறது. கப்பல் பேச்சே இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

நின்றார்! பாட்டு முழுக்க நின்றே நடத்தினார். கடைசிச் சுரத்தில் கையை இறக்கவே இல்லை. கூரை பெயர்ந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் குரல் இடம் தவறவில்லை.

பிறகு விருந்தில் பேச்சு நீண்டுகொண்டே போனது. எல்லாத் தீவுகளிலிருந்தும் பெரியவர்கள். மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் நடுவிலிருந்து வாத்தியாராவது எழுந்திருப்பதாவது!

எழுந்தார். "மன்னிக்கணும். நான் போய் பாயை அவுக்கணும். சியாலே நர்சு உத்தரவு!"

பந்தலே சிரித்தது. நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

வாத்தியார் எடை ஏறவில்லை. அதை லோசே அக்காவிடம் சொல்லக் கிளினிக் வாசலுக்கு வந்தால், அங்கே நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் நீர் மாத்திரைக்காரர்கள். முதலில் நின்றவர் போதகர்.

"ஞாயித்துக்கிழமை நானும் போடுறதில்லைம்மா," என்றார் மெதுவாக. "நடுப் பிரசங்கத்துல நான் எங்கே போறது?"