உறை மோர்க் கிண்ணம்

உங்கள் வீட்டுக் கிண்ணம் இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அடியில் உன் அப்பாவின் பெயரை வெட்டிய சின்ன எவர்சில்வர் கிண்ணம். என்றோ உறை மோரோடு வந்தது, திரும்பிப் போகவில்லை. இன்று காலை அண்ணி அதை எடுத்து வெளியே வைத்திருந்தார். "அந்தத் தெரு கிண்ணத்த இன்னும் எதுக்கு வச்சிக்கினு கீற?" என்று கேட்டார். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் வீடு 'அந்தத் தெரு' ஆகிவிட்டது.

சண்டைக்குப் பிறகு ஒரு ஊரைப் பெண்கள் எப்படி மறுபடி ஒட்டவைக்கிறார்கள் என்பதுதான் நம் இருவரின் ஆராய்ச்சி. நான் கேள்வித்தாளை வரிசை மாறாமல் கேட்பேன். நீ அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு, கலவரம் நடந்த ஊரில் முதல் வேலையாக, "யக்கா, உறை மோரு யார் வூட்ல வாங்கறீங்க?" என்பாய். எனக்கு மானம் போகும். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே உன்னோடு மல்லுக்கு நிற்பேன்.

"ஆம்பளைங்க கையெழுத்து போட்டுட்டு மறுநாளே மறந்துடுவாங்கடி. மோரு தெருவத் தாண்டிச்சினா அத்த யாரும் நிறுத்த முடியாது" என்பாய். பிறகு நாம் எழுதியதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் நின்றது. அதை வைத்துத்தான் நான் பேராசிரியர் ஆனேன், ஊர் ஊராகப் போய்ப் பேசினேன்.

இந்த வருஷத் திருவிழாவில் நம் ஊரிலேயே, உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் சண்டை வந்தது. பேனர் கட்டுவதில் தொடங்கிய பேச்சு கல்வீச்சில் போய் முடிந்தது. உத்திரமேரூர் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். படித்தவள் என்று எனக்கும் ஒரு நாற்காலி. இரண்டு தெருப் பெண்களும் வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் ஆளுக்கொரு பக்கமாக நின்றிருந்தார்கள், உன் அம்மாவும்தான். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம் மேடம்."

எங்கள் தெரு சார்பில் வந்திருந்த அண்ணன் என்னை முறைத்தார். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள், டீ வந்தது. நானும் குடித்துவிட்டு வந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இன்று சாயங்காலம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போனேன். விளக்கு வைத்துவிட்டால் மோர் கொடுக்கமாட்டார்கள், அந்தச் சாக்குக்கு இடம் தரக்கூடாது என்று முன்னாலேயே கிளம்பினேன். தெருமுனையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வாசற்படி வரைக்கும் மோர் கடைந்த வாசனை.

"உறை மோரு கொஞ்சம் குடும்மா" என்றேன்.

உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை, தெருமுனையைத்தான் பார்த்தார். "மோரு இல்ல கண்ணு."

"கிண்ணத்தையாவது வாங்கிக்கோம்மா."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அத்த குடுத்துட்டுப் பூடாத. உங்க வூட்லயே கெடக்கட்டும். அதுவும் திரும்பி வந்துட்ச்சினா அப்பறம் நமக்குள்ள இன்னா கீது?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிண்ணத்தோடு திரும்பி நடந்தேன். உன் திவசத்துக்கு அந்தப் படியேற விடுவார்களா என்பது தெரியவில்லை. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. கையாலாகாதவளாக நிற்கிறேன்டி.

வீட்டில் அண்ணி பாக்கெட் தயிரைப் பாலில் விட்டு உறை ஊற்றிக்கொண்டிருந்தார். நாளைக்கு யாராவது நம் ஊருக்கு வந்து உன் கேள்வியைக் கேட்டால் பாக்கெட் தயிர் விற்கும் கடையைத்தான் அண்ணி கைகாட்டுவார்.

கிண்ணத்தைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தேன். கவிழ்த்தால் அடியிலிருக்கும் பெயர் அண்ணி கண்ணில் படும். அதனால் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன், காலியாக.