கப்பல்கள் புறப்படும் அத்தியாயம்

கண்டி
19.08.2025

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

நானும் உன் அம்மாவும் பெரிய குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் பேத்தி மதுஷாவும் மெல்பேர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். பெரஹரா திருவிழா முடிந்து சனமெல்லாம் ஊர் திரும்பி, பஸ்ஸில் உட்கார இப்போதுதான் இடம் கிடைக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அடுத்த மாதம் பேராதனை ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கத்துப் பப்பாசி மரத்தில் குரங்குகள் ஒரு காயைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசும்போதே சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது, அதற்கு இரண்டு தரம் வாயெடுத்துவிட்டு இரண்டு தரமும் மழையைப் பற்றிப் பேசி முடித்தேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வராது. ஆகையால் எழுதுகிறேன், இதற்கு முன் மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

போன வருஷம் வந்தபோது ‘பனிமுடி’ வரிசையின் ஏழு பாகங்களையும் என் கையில் கொடுத்து, எனக்கு வாசிக்க நேரமில்லை அப்பா, நீங்க வாசிச்சு மதுஷாவுக்குச் சரிவருமான்னு சொல்லுங்க என்றாய். நான் ஏழையும் வாசித்தேன், எப்போதும் போலக் குறிப்புக் கொப்பி போட்டு, எந்த அரசன் எந்தப் பக்கத்தில் வருகிறான், எந்த டிராகன் எந்தப் பக்கத்தில் சாகிறது என்றெல்லாம் எழுதி வைத்து வாசித்தேன். அருமையான வரிசை, முடிவு மிக நிறைவானது, தாராளமாகக் கொடு என்று மார்ச் மாதம் உனக்கு எழுதினேன். அந்த வார்த்தையைத்தான் இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. மதுஷாவின் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஹுஸைன் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பின்னேரம் அவருடைய மேல்மாடியில் பத்துப் பேர் கூடி மாயக்கதைத் தொடர்களைப் பற்றிப் பேசுவோம், அதில் வயதில் மூத்தவன் நான்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரிசையைச் சிபாரிசு செய்கிறவர் கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்க வேண்டும். பிறகு கடைசிப் பாகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஹுஸைன் வைத்த பெயர் பிணைச்சீட்டு. எழுதியதை வெட்டக்கூடாது, வேண்டுமானால் கீழே இன்னொரு வரி எழுதலாம். என்னைப் போன்ற பழைய வாத்தியாருக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. மற்றவை பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டிஸ் தின்ற எண்ணெய் விரலால் வரைபடத்தில் ஊரைத் தொட்டுக் காட்டுவார்கள். முதற்பாகத்தில் மூன்று அத்தியாயம் வாசித்துவிட்டு ஏழு பாகத்துக்கும் தீர்ப்புச் சொல்வார்கள். எந்த டிராகன் எந்த டிராகனுக்கு மச்சான் முறை என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள். ஆனாலும் மாதா மாதம் போவேன், என் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்காருவேன். நான் மற்றவர்களைவிட ஒழுங்காக வாசிக்கிறவன் என்ற எண்ணம் எனக்கு உள்ளே இருந்திருக்கிறது. இப்போது அதை நினைத்தால் அந்த எண்ணெய் விரல்களைவிட அதுதான் அசிங்கமாகத் தெரிகிறது.

நீ விட்டுப்போன ஏழு பாகத்தையும் வட்டத்துக்குக் கொடுத்து, பனிமுடிக்குப் பிணைச்சீட்டு எழுதியவன் நான். அதை நம்பி பரிமளம் டீச்சர் ஐந்து மாதம் எடுத்து ஏழு பாகத்தையும் வாசித்தார். தெல்தெனியவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், இரண்டு பஸ் மாறி வருகிறவர், அதிகம் பேசமாட்டார். போன சனிக்கிழமை அவர் ஏழாம் பாகத்தை என் முன்னால் வைத்து, ஐயா, இந்தக் கடைசி அத்தியாயத்த நீங்க முழுசா வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா என்று கேட்டார். ஆமா டீச்சர் என்று சொல்லிக் கொப்பியைத் திறந்து காட்டினேன். காட்டியது போதாதென்று உரக்க வாசித்தேன். பக்கம் 611, கப்பல்கள் புறப்படும் காட்சி மிக அழகு, கண் கலங்கியது, நிறைவான முடிவு. அவர் கோபப்படவில்லை. அந்தக் கப்பல்ல யாரு போறாங்கன்னு ஒருக்கா வாசிங்க ஐயா என்றார்.

வாசித்தேன். நீ வாசிக்கவில்லை ஆகையால் சொல்கிறேன். அந்த நாட்டின் மலைகளில் வெள்ளிச் சுரங்கம் தோண்டுவதற்கு மூன்று தலைமுறைக்கு முன் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சுமைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் கதையில் வருகிறது. ஏழு பாகத்திலும் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. அவர்கள் குடிசைகளில் வாடை அடிக்கிறது என்று மட்டும் பல இடத்தில் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் நல்ல அரசன் முடிசூடி, இவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று ஆணையிட்டு எல்லோரையும் கப்பலில் ஏற்றுகிறான். கப்பல்கள் போனதும் மலை சுத்தமாகிறது, ஊற்றுகள் பெருகுகின்றன, மக்கள் மாலை போட்டு ஆடுகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது மகள். மலை சுத்தமானதற்காகக் கலங்கியிருக்கிறது.

நான் தலை நிமிர்வதற்குள் ஜனகன் பேசத் தொடங்கிவிட்டான். வங்கியில் வேலை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கெட்டிக்காரன், நிறைய வாசித்தவன். ஐயா, இது கற்பனை உலகம், அதுக்குள்ள உங்கட தோட்டத்துக் கதையைக் கொண்டுவந்து செருகாதேங்கோ, அவையள் சொந்த ஊருக்குத்தானே போயினம், அதில என்ன பிழை என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொருத்தர், டீச்சர் அடுத்தது டிராகனுக்கும் சம்பள உயர்வு கேப்பாங்க போல என்றார், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பரிமளம் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா. அதுவும் சரிதான் தம்பி என்றேன். என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு அவன் நீட்டிய தேநீரையும் வாங்கிக் குடித்தேன். டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழுந்து எல்லோரிடமும் போய்ட்டு வாறேன் என்று சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் சொன்னார். அந்தத் தேநீரின் ருசி இன்னும் நாக்கில் கசப்பாக இருக்கிறது.

அழகம்மா அத்தை என்றால் உனக்கு அலுமாரிக்குள் இருக்கும் ஒரு படம்தான். என் அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டாள் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த நாளில் தோட்டத்தில் இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் நானும் ஒருவன், விண்ணப்பப் பாரம் நிரப்ப எல்லோரும் என்னிடம் வருவார்கள். அத்தான் வீட்டார் இந்தியா என்று முடிவெடுத்தார்கள், அவள் அந்த வீட்டு மருமகள், அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான், பேனா என் கையில் இருந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் கண்டி மாவட்டம் என்று எழுதினேன், திரும்பிப் போகும் நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று எழுதினேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பாரங்களைச் சரிபார்த்த கந்தோர் அதிகாரி நல்ல கையெழுத்து என்று என்னைப் பாராட்டினார். கண்டி ஸ்டேஷனில், கப்பலேறத் தலைமன்னார் போகும் கூட்டத்தோடு அவள் கோச்சியில் ஏறி, லாம்புச் சிம்னியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் உட்கார்ந்தாள். தம்பி, அங்க எறங்குனா எது நம்ம வீடுன்னு யாரு சொல்லுவாங்க என்று கேட்டாள். திரும்பிப் போவதென்றால் முன்பு ஒருமுறையாவது அங்கே இருந்திருக்க வேண்டும். அவள் இருந்ததில்லை. கோத்தகிரியில் மறுபடி கொழுந்து பறித்து, மறுபடி லயத்து ஒற்றை அறையில் இருந்து, அங்கேயே செத்தாள். இப்படி ஒரு அக்காவை வைத்துக்கொண்டு, 611ஆம் பக்கத்தில் நிறைவான முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் உன் அப்பா. கதை எழுதியவரை என்ன சொல்ல, அவருக்கு அழகம்மாவைத் தெரியாது.

இது என்னோடு முடிகிற விஷயமும் இல்லை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு எங்கள் வட்டம் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கு ஒரு சிபாரிசுப் பட்டியல் அனுப்பும், ஒவ்வொரு நூலுக்குக் கீழேயும் பிணைச்சீட்டின் கடைசி வரியை அச்சிடுவார்கள். இந்த வருஷம் முதலாவது பனிமுடி, அதற்குக் கீழே என் பெயரோடு நிறைவான முடிவு. பரிமளம் டீச்சர் படிப்பித்த பாடசாலைக்கும் அது போகும். நேற்று அச்சுக்குக் கொடுக்க இருந்தார்கள். ஆகவே நேற்றுக் காலை பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். போகும்போதே திரும்பிவிடலாமா என்று இரண்டு பஸ் ஹோல்ட் தாண்டும்வரை யோசித்தேன், வயதான காலத்தில் எதற்கு வம்பு என்றும் தோன்றியது, நான் ஒன்றைப் பெரிதாக்குகிறேனோ என்றும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஹுஸைன் கடை திறந்து கொண்டிருந்தார். ஏழாம் பாகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே என் பழைய வரிக்குக் கீழே புதிய வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், மறுபடியும் வாசித்தார். மாஸ்டர், இதப் போட்டா புத்தகத்தையே லிஸ்ட்ல இருந்து எடுக்கணுமே என்றார். எடுக்க வேண்டாம், இந்த வரியோடு போகட்டும் என்றேன். ஜனகன் சத்தம் போடுவாரே என்றார். போடட்டும் என்றேன், அவருடைய கதிரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பின்னேரம் போன் எடுத்து, அச்சுக்குக் கொடுத்தாச்சு மாஸ்டர், ஒரு எழுத்தும் மாத்தல்ல என்றார். டீச்சரோடு இன்னும் பேசவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை, பட்டியல் அவர் கைக்குப் போகட்டும்.

மதுஷாவுக்கு அந்தப் புத்தகங்களைக் கொடுக்காதே என்று சொல்ல வரவில்லை. அவள் வாசிக்கிற பிள்ளை, வேறெங்காவது தேடி வாசிப்பாள், அதைவிட நீ கொடுப்பது நல்லது. நீ அங்கே வாங்கும் ஏழாம் பாகத்தின் பின்னட்டைக்குள், நான் இங்கே எழுதிய வரியை உன் கையால் தமிழிலேயே எழுதிக் கொடு. விளங்காவிட்டால் உன்னிடம் கேட்பாள், கேட்கட்டும். பென்சிலால் எழுதாதே. வரி இதுதான்: கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதையில் பெயர் இல்லை. ஒருத்தியின் பெயர் அழகம்மா. அவளுடைய பாரத்தை நிரப்பியவன் நான்.

உனக்கும் மருமகனுக்கும் பேத்திக்கும் முருகன் துணையிருக்கட்டும், மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அம்மா தன் அன்பையும், மிளகாய்த்தூள் பார்சல் வந்ததா என்ற கேள்வியையும் சேர்த்து எழுதச் சொன்னாள். மறக்காமல் ஒன்று செய் மகள், உங்கள் மூவரின் அந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரங்களையும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் பிரித்து வை. காரணம் கேட்காதே.

உன் அப்பா,
இராமையா