மேற்படி மொக்கச்சாமி

சோணைக் கருப்பன் துணை

ராசிங்காபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆத்தா பவித்ராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா கலையரசியும் நலம், ஜீப்பும் நலம், ஜீப்பு மட்டும் மூன்று மாதமாக போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலில் நலமாக நிற்கிறது. மஸ்கட்டில் உன் உடம்பும், நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடமும் நலமாக இருக்கச் சோணை அருளட்டும். பரிசோதனைக்கூடத்துக்குத் தனியாக வேண்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன மாதம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொல்கிறாள். இந்த ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு மனிதன் இத்தனை தடவை குளிக்க முடியாது என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள், முழுசாக நான் எழுதுகிறேன். அன்று எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டிலிருந்து இறங்கினேன், சாயங்காலம் நாலரை மணி, நல்ல மூடுபனி. ஆறாவது வளைவில் எதிரே ஒரு லோடு வண்டி, ரோட்டில் உன் பக்கம் என் பக்கம் என்ற பேதமே பார்க்காமல் ஏறி வந்தது. நான் மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் முட்டி நிறுத்தினேன், பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். மொக்கம்மாள் அத்தைக்குக் கை ஒடிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. லோடு வண்டிக்காரன் இறங்கி நின்றான், நின்றான் என்று சொல்ல முடியாது, கதவைப் பிடித்துத் தொங்கினான். பார்த்தால் நம் மேலத்தெரு மொக்கை. அவன் முழுப்பெயர் சோ. மொக்கச்சாமி. உன் அப்பன் பெயரும் சோ. மொக்கச்சாமி. அவனைப் பெற்றவரும் சோணை, என்னைப் பெற்றவரும் சோணை. குலசாமிகளான சோணை, மொக்கச்சாமி பெயரை மூத்த பிள்ளைக்கு வைத்தே தீர வேண்டும் என்ற வழக்கத்தால், நம் ஊரில் ஒரு கல்லை விட்டெறிந்தால் மொக்கச்சாமி மேல் விழும், அவன் குனிந்துகொண்டால் சோணை மேல் விழும். என்னை ஜீப் மொக்கை என்றும் அவனை லோடு மொக்கை என்றும் ஊர் பிரித்து வைத்திருக்கிறது, இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. பட்டப்பெயரை சர்க்கார் காகிதத்தில் எழுத மாட்டார்கள், அதுதான் வினை.

இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். குப்பிகள் ஆய்வகத்துக்குப் போய், நாற்பது நாள் நிதானமாக யோசித்து முடிவு சொன்னார்கள். என் ரத்தத்தில் சட்டம் விட்டுக்கொடுப்பதைப் போல் ஐந்து மடங்கு சாராயம். லோடு மொக்கையின் ரத்தமோ கோயில் தீர்த்தம். எனக்கு வழக்கு, லைசென்ஸும் போனது. அவன் தன் காகிதத்தைப் போடியில் லேமினேசன் செய்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினான். ஸ்டேஷனில் நான் கத்தியபோது, மெஷின் பொய் சொல்லாது என்று ஏட்டய்யா பொறுமையாக எடுத்துச் சொன்னார். வாஸ்தவம்தான், எந்த மொக்கையின் ரத்தம் என்று அந்த மெஷினிடம் யாரும் சொல்லவில்லையே. அவன் தொங்கியதைக் கண்ணால் பார்த்த மொக்கம்மாளும் காகிதத்தை நம்பி, கட்டுப் போட்ட கையோடு, எங்கண்ணனே குடிச்சுப்புட்டு எங் கைய ஒடச்சுட்டாரு என்று வீடுவீடாகச் சொல்லி அழுதாள். உன் அம்மா நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் வாயை மோந்து பார்த்தாள். அந்த வாரம்தான் நீ கூப்பிட்டு, "அப்பா, நெசமாவே குடிக்கலையா?" என்று கேட்டாய். ஊரெல்லாம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது ஆத்தா, நீ கேட்டபோது மட்டும் கோபப்படக்கூட முடியாமல் எழுந்து போனேன்.

அப்புறம் ஏலக்காய் ஏல மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜோசுவாவிடம் போனேன். அவன் கேட்டதும் நியாயம்தான், ஏலத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் லாட்டு நம்பர் இருக்கிறது, மாதிரிக்கு வைத்த ஒரு தட்டுக் காய் மாறிப்போனால் வியாபாரிகள் ஏலத்தையே நிறுத்திவிடுவார்கள், காய்க்கு இருக்கிற மதிப்பு ஆளுக்கு இல்லையா என்றான். தகவல் அறியும் மனு அவனே எழுதினான். இந்த ஆய்வகத்தை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று கேட்டோம். பதில் வந்தது, படித்துவிட்டு நானும் அவனும் டீ குடிக்கப் போய்விட்டோம். மேற்பார்வைக் குழு ஒன்று இருக்கிறதாம். குழுத் தலைவர் யார் என்றால் ஆய்வகத்துத் தலைவரே. அவர் தம்மைத் தாமே ஆய்வு செய்து, தம் பணியில் தமக்குத் திருப்தி என்று தமக்கே அறிக்கை கொடுத்திருக்கிறார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், இங்கே வேலியும் ஓணானும் ஒரே ஆள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு, கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஜோசுவா விடவில்லை, சென்னைக்கு மேல்முறையீடு போட்டான். அதைப் படித்த ஒரு புண்ணியவதி, அருள்மொழி என்று ஓர் அதிகாரி, உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்கு வந்து எங்களையும் வரச்சொன்னாள். குளிர்பெட்டியைத் திறந்தாள், ரத்தக் குப்பிகளுக்குப் பக்கத்தில் யாரோ வைத்த தூக்குவாளியில் தோசைமாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதையும் சோதித்திருந்தால் அதன் மேலும் ஒரு வழக்குப் போட்டிருக்கலாம். பதிவேட்டைத் திறந்தாள். முதல் வரியில் சோ. மொக்கச்சாமி, ராசிங்காபுரம் என்று அழகான கையெழுத்து. அடுத்த வரியில் மேற்படி, மேற்படி. வரிசை எண்ணும் மேற்படி. எழுதிய குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பெயர், இனிஷியல், ஊர் எல்லாம் ஒன்றாக இருந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார். ஒரே ஆள் என்றால் ஒரு ரத்தத்தில் சாராயமும் இன்னொரு ரத்தத்தில் தண்ணீரும் எப்படி என்று அருள்மொழி கேட்டாள். அதற்கு அவர் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார், இன்னும் புரட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். எதையும் ஒழுங்காக அப்புறப்படுத்தாத இடம் என்பதால் நல்ல வேளையாக இரண்டு குப்பியும் பத்திரமாக இருந்தன. என் ரத்தம் பி நெகட்டிவ் என்று உனக்குத் தெரியும், நம் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வரும் பெண்களுக்குக் கேட்டபோதெல்லாம் போய்க் கொடுத்த ரத்தம். குப்பிகளை வகை பார்த்தார்கள். சாராயம் இருந்த குப்பி ஓ பாசிட்டிவ்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். திருத்திய அறிக்கை பதிவுத் தபாலில் வரும் என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா பிரித்துப் படித்தாள், சோ. மொக்கச்சாமி என்பவரின் ரத்தத்தில் மது இருந்தது மறுசோதனையில் உறுதி செய்யப்படுகிறது என்று இருந்தது. அவள் அப்படியே அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அன்றைக்குத்தான், நாமே குடித்துவிட்டு மறந்துபோனோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் விடிந்ததும் லோடு மொக்கை வந்தான். குளித்து, திருநீறு பூசி, கையில் இரண்டு காகிதம். ஒன்று அவன் வீட்டுக்குப் போன தபால், சோ. மொக்கச்சாமி மது அருந்தவில்லை என்ற திருத்தம். இன்னொன்று அந்த லேமினேசன் அட்டை. "அண்ணே, ரெண்டும் ஒங்களுது. எனக்கு வர வேண்டியது ஒங்ககிட்ட இருக்கும், குடுங்க. நானே ஸ்டேசன்ல கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்" என்றான். மூன்று மாதமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாயே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அந்த அட்டைய நம்பி எம் பொண்டாட்டி இத்தனை நாளா சிரிச்ச மொகமா சோறு போட்டாண்ணே" என்றான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள். டாக்டர், மெஷின், குழு, குழுவுக்குத் தலைவர் எல்லாரும் சேர்ந்து பிரிக்க முடியாத இரண்டு மொக்கைகளை ஒரு குடிகாரன் ஒரு நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனான். லைசென்ஸ் அடுத்த மாதம் வரும் என்கிறார்கள், எந்த வீட்டுக்கு வரும் என்று சொல்லவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு ஏழு வயதிருக்கும்போது, நான் சாயங்காலம் வந்தால் நீ நிலைப்படியில் நின்றுகொண்டு, ஊதுங்கப்பா என்பாய். ஊதினால்தான் உள்ளே விடுவாய், நாற்றம் வந்தால் அன்று முழுக்கப் பேச மாட்டாய். அதற்குப் பயந்துதான் நான் விட்டேன், பதினெட்டு வருஷம் ஆகிறது. அதனால்தான் நீ கேட்டதும் அத்தனை வலித்தது. ஆனால் இப்போது ஆற அமர யோசித்தால், இத்தனை பேரில் என்னிடமே கேட்டவள் நீ ஒருத்திதான். மற்ற எல்லாரும் காகிதத்தைத்தான் கேட்டார்கள். நீ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாய், நான்தான் எழுந்து போய்விட்டேன், அது என் தப்பு. பதில் இதுதான், குடிக்கவில்லை ஆத்தா. தையில் லீவுக்கு வரும்போது நிலைப்படியில் நில், ஊதிக் காட்டுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. அங்கே உன் கைக்கு வரும் ஒவ்வொரு குப்பியிலும் பெயரை இரண்டு தடவை படி, அந்த ரத்தத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள். சோணையும் மொக்கச்சாமியும் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், நான் சொல்வது சாமிகளை. இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே கூப்பிடு, நான் குளிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
சோ. மொக்கச்சாமி (ஜீப்)
மேற்படியார் அல்ல